ஞானாபரணம் அண்ணாச்சியும் ஆத்தா அண்டாவும்

ஞானாபரணம் அண்ணாச்சி இப்போதெல்லாம் சிரிக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறாரே, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, யாரைப் பார்த்தாலும் "வாங்க, வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக நிற்கிறாரே, அவர்தான். ரிட்டையர் ஆனதிலிருந்து மூன்று வருஷமாக இதே வேலை. பிறவியிலேயே கலகலப்பான மனுஷர் போலிருக்கிறது என்று அங்கே வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனுஷரிடம் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் அணுபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுப்பவளும் நான்தான். அண்ணாச்சி பக்கத்து மின் நிலையத்தில் ஸ்டோர் கீப்பர். நாசரேத்துப் பக்கத்துக்காரர். அவருடைய ஸ்டோரில் ஒரு பல்பு வாங்க இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாலும், "பழைய பல்பு எங்க?" என்பார். பழையதைக் கொடுத்தால், அதை மாட்டி, எரியவில்லை என்று தானே பார்த்துவிட்டுத்தான் புதியதை எடுப்பார். இவ்வளவு பொறுப்பான ஆள் என்று எங்கள் சபைக்காரர்கள் வேத வகுப்புச் சாமான் இருக்கிற கோயில் பீரோ சாவியையும் அவரிடமே கொடுத்தார்கள். விளைவு, "பழைய சாக்பீஸ் துண்டுகளக் கொண்டு வந்து காட்டுங்க டீச்சர், புதுசு தாரேன்" என்றார். நான் காட்டவில்லை. ஐந்து வாரம் கரித்துண்டால் எழுதினேன். நோவாவின் பேழையைக் கரியில் வரைந்தேன், அது வெள்ளத்தில் போகிற கப்பல் மாதிரி இல்லாமல் தீப்பிடித்த குடிசை மாதிரி இருந்தது.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விசுவாசத்தில் குறை வைத்ததில்லை. தினமும் விடியற்காலையில் வேதம் வாசிப்பார், மின்சாரக் கட்டணம் கட்டப் போகிற முகத்தோடு. கோயிலில் சுவரோர பெஞ்ச், நாலாவது வரிசை. ஆராதனைக்கு மூன்று நிமிஷம் முன்னால் வருவார். பிரசங்கம் இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்ப்பார். ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் செருப்புக்குள் கால் போயிருக்கும். ஒருவரிடமும் நின்று பேசியதில்லை. அவர் பல்வரிசை எப்படி இருக்கும் என்று அவர் மனைவி ஜெபமணி அக்காவுக்கே சந்தேகம் உண்டு. "கல்யாண போட்டோவுலயும் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்காவ" என்பார் அக்கா.

இப்படிப்பட்டவரிடம் 1998-ல் எங்கள் போதகர் அசனத்தை ஒப்படைத்தார்.

அசனம் என்றால் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபையார் எல்லோரும் அரிசியும் ஆடும் போட்டுச் சமைத்து, கோயில் வளாகத்திலேயே ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவது. தெற்கத்திக்காரர்களுக்கு அது இல்லாத பண்டிகை பண்டிகையே இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் அறுபது குடும்பத்தில் பாதி அந்தப் பக்கத்து ஆட்கள். பல வருஷமாக அரித்து எடுத்து, அந்த ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று முதல் அசனம் என்று முடிவு பண்ண வைத்தார்கள். பொருள் வீணாகாமல் நடத்த அண்ணாச்சியை விட்டால் ஆளில்லை என்று போதகர் நினைத்தார். போதகர் சின்ன வயசு, இரக்க சுபாவம். அதனால் சில சமயம் இந்த மாதிரி தப்புப் பண்ணுவார்.

அண்ணாச்சி வேலையை ஆரம்பித்தார். பெரியவர்களுக்கு இத்தனை கிராம் அரிசி, பிள்ளைகளுக்கு அதில் பாதி, ஆளுக்கு நாலு துண்டு கறி. மொத்தம் இருநூற்று ஐம்பது பேர், கழிவுக்குப் பத்து சதவீதம். ரோஸ் கலரில் சீட்டு அடித்து, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு, கையெழுத்தும் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். "சீட்டு இல்லாம இலை கிடையாது" என்று அறிவிப்பு வேறு. என் சீட்டு நூற்றுப் பதினெட்டு. ஆண்டவருடைய பந்திக்கு சீட்டா என்று போதகர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "ஐயா, ஆண்டவரும் ஐயாயிரம் பேருன்னு எண்ணித்தான வச்சிருக்காரு" என்று அண்ணாச்சி அவர் வாயை அடைத்துவிட்டார்.

எல்லாம் சரியாகப் போனது, பாத்திரத்தில் வந்து மாட்டியது. ஆடி முடிந்து ஆவணி பிறந்து முகூர்த்த நாள். திருக்கழுக்குன்றம் வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் மாரியம்மன் கோயிலில் பெரிய பித்தளை அண்டா மூன்று இருந்தன, ஆடி மாசம் கூழ் ஊற்றுவதற்கு. கோயில் தர்மகர்த்தா செங்கல்வராயன் நாலு லாரி வைத்திருக்கிற விவசாயி. அவர் பேத்தி என்னிடம் படித்ததால் அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சபைச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. அம்மன் கோயில் அண்டாவில் அசனச் சோறா என்று குதித்தார். "அண்டா பித்தளை. பித்தளைக்கு ஞானஸ்நானம் எல்லாம் ஆகல" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சைக்கிளை எடுத்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை சொன்ன ஒரே வேடிக்கையான பேச்சு அதுதான். அதையும் வேடிக்கை என்று தெரியாமல்தான் சொன்னார்.

செங்கல்வராயன் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"அண்டாவுக்கு இன்னா, எத்துகினு போ. கறி ஆக்குவியா?"

"ஆமா. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"ஆத்தாளுக்கே நாங்க கெடா வெட்றோம். ஆனா ஒண்ணு நைனா. இது ஆத்தா அண்டா. இத்த அடுப்பு மேல ஏத்திட்டா, யாரு ஏனம் எடுத்துகினு வந்தாலும் இல்லன்னு சொல்லக் கூடாது. எங்க தாத்தா காலத்துல இருந்து இல்லன்னு சொன்னதில்ல. அந்த வார்த்தய குட்த்துட்டு எத்துகினு போ."

ஏனம் என்றால் அங்கே பாத்திரம் பண்டம். கிறிஸ்தவக் கோயில் சாப்பாட்டுக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள், நாலு பேர் வருவார்கள், கழிவுக் கணக்கில் அடங்கிவிடும் என்று அண்ணாச்சி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அண்ணாச்சியோ, "வார்த்த என்னத்துக்கு, எழுதியே தாரேன்" என்று பையிலிருந்து தாளை எடுத்தார். 'பித்தளை அண்டா மூன்று பெற்றுக்கொண்டேன். மேற்படி அண்டாவை நாடி வரும் எவரையும் வெறுங்கையாகத் திருப்பி அனுப்புவதில்லை என உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, தேதியும் முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். செங்கல்வராயன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த அண்டா கோயிலைவிட்டு எங்கே கிளம்பினாலும் ஊரில் தண்டோரா போடுவது வழக்கம். சனிக்கிழமை மாலை ஏரிக்கு அந்தப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது. கோயில் பின்னால் அண்ணாச்சி வெங்காயத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார், நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ரேஷன் கடைக்கு மண்ணெண்ண வந்திருக்கும் போல" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பதினொன்றரைக்கு முடிந்தது. பாட்டு முடிந்து கதவைத் திறந்தால், வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் ஜனம். குண்டான், தூக்குவாளி, அலுமினிய அன்னக்கூடை, பிளாஸ்டிக் குடம். ஒரு கிழவர் குழந்தையைக் குளிப்பாட்டுகிற டப் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெயிலுக்கு நின்றார். குறைந்தது ஐந்நூறு பேர் இருப்பார்கள். இந்தப் பக்கம் எங்கள் சபையார் ரோஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக ஓடிப்போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

வரிசையில் முதல் ஆள் பூவாயி. நாற்பத்தைந்து வயது, நடவு வேலைக்குப் போகிறவள், இடுப்பில் பெரிய குண்டான். அண்ணாச்சி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சீட்டு எங்க?" என்றார்.

"இன்னா சீட்டு? ஆத்தா அண்டாதான அது? கொதிக்குது, வந்துகிறோம். ஊத்து."

"சீட்டு இல்லாம..."

கூட்டத்துக்குள்ளிருந்து செங்கல்வராயன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பண்டிகைக்கு வந்த சந்தோஷம். சண்டைக்கு வரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, விரித்து, எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். 'எவரையும் வெறுங்கையாக' என்ற இடத்தில் கூட்டம் கை தட்டியது. கடைசியில் கையெழுத்தையும் வாசித்தார், "ஞா. ஞானாபரணம்." அண்ணாச்சி முகம் வெந்த கத்தரிக்காய் போல ஆகிவிட்டது.

செயலாளர் ஓடி வந்தார். "கேட்டைப் பூட்டுங்க. நம்ம ஆளுங்க முதல்ல சாப்பிடட்டும். மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்."

அண்ணாச்சி எழுந்து கோயில் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். அனுதாபத்தில் போகவில்லை, சாக்பீஸ் ஞாபகத்தில் போனேன். ஒரு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அவர் காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இருபத்திரண்டு வருச சர்வீஸ்ல நான் கையெழுத்துப் போட்டுட்டுக் குடுக்காம இருந்ததில்ல. இன்னிக்கு இருக்கது இருநூத்தம்பது பேருக்கு. அவங்களுக்குக் குடுத்தா நம்ம பிள்ளைய எல்லாம் பட்டினி. நம்ம பிள்ளையளுக்குக் குடுத்தா, நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? கோயில் பேரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேனே. என் பொய்யி மட்டுமா அது, ஆண்டவர் பேருக்குல்லா வரும்."

கேட்க வந்த வார்த்தை எனக்கு மறந்துபோனது. அவர் கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் டீச்சர்கள் செய்வதைச் செய்தேன், அதட்டினேன்.

"ஸ்டோர்ல சரக்குத் தீர்ந்தா என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?"

"வேற ஸ்டோர்ல இருந்து வாங்குவேன்."

"குவார்ட்டர்ஸ்ல எத்தனை வீடு இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். எழுந்தார். நேராகப் பந்திக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தினார். அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"சீட்டு வச்சிருக்கவங்க எல்லாரும் எந்திரிங்க! ஆம்பிளைய எல்லாம் கரண்டி எடுங்க. பொம்பளைய எல்லாம் வீட்டுக்குப் போயி குக்கர வைங்க. வீட்டுல என்ன இருக்கோ அதக் கொண்டாங்க. இன்னிக்கு நாம கடைசிப் பந்தி!"

முதலில் எழுந்தது போதகர். அங்கியைக் கழற்றி ஜன்னலில் போட்டுவிட்டு ரசவாளியைத் தூக்கினார். அப்புறம் பொறியாளர்கள், டெக்னீஷியன்கள் எல்லோரும் பளபளக்கிற ஷூவோடு ஏரிக்கரைச் சேற்றில் இறங்கினார்கள். செயலாளர் மட்டும் சீட்டோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வந்து ஒரு பார்வை பார்த்தார், அவரும் எழுந்து உப்பு வைக்கப் போனார்.

குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் ஓடின ஓட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லா பிளாக்கிலும் குக்கர் விசில். எங்கேயோ சைரன் ஊதுகிறது என்று காவலாளி போன் பண்ணி விசாரித்தாராம். கோயிலுக்கே வராத வீடுகளும் சேர்ந்துகொண்டன. என் பக்கத்து வீட்டு ஜானகிராமன் சார் விவரம் கேட்டுவிட்டு, உள்ளே போய், அவர் வீட்டுச் சனிக்கிழமைப் புளியோதரை மிச்சத்தையும் ஞாயிற்றுக்கிழமை மோர்க்குழம்பையும் சேர்த்துக் கொண்டுவந்தார். ஸ்கூட்டரில் குக்கர், சைக்கிள் கேரியரில் குக்கர். என் குக்கரை ஆவி அடங்குவதற்குள் தூக்கிக்கொண்டு வந்ததில் புடவை முந்தானை பொசுங்கியது.

நான் வந்து சேர்ந்தபோதுதான் கறி வெந்து அண்டாவை இறக்கியிருந்தார்கள். அண்ணாச்சி அதன் பக்கத்தில் நின்று பூவாயிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், கரண்டியை மட்டமாகத் தடவி, அளவாக ஒரு கரண்டி வைத்தார். பூவாயி குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, நெத்தியில இட்டுக்க துண்ணூறா வெக்கற?"

இன்னொரு கரண்டி வைத்தார். அவள் குண்டானை நகர்த்தவில்லை. இன்னொன்று வைத்தார்.

"வீட்டுல எத்தன பேரு?" என்றார்.

"ஒம்போது பேரு, ஒரு எரும."

"எருமைக்குமா?"

"அதுக்குக் கஞ்சித் தண்ணி போதும், நீ பேஜாராவாத."

அப்போதுதான் அது நடந்தது. முதலில் அண்ணாச்சி தோள் குலுங்கியது. அப்புறம் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம். கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குக்கரோடு உள்ளே வந்த ஜெபமணி அக்கா அதைப் பார்த்து, "ஐயோ, அவுகளுக்கு நெஞ்சு வலி!" என்று குக்கரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நாலு பேர் பிடித்து உட்காரவைத்தோம். தண்ணீர் தெளித்தோம். பாய்லர் பிரிவு ஆள் ஒருவர் அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தவே போய்விட்டார். "ஒண்ணுமில்ல, விடுங்கடே, எரும..." என்றார் அண்ணாச்சி, கண்ணில் நீர் வழிய. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஜெபமணி அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். பூவாயிக்கு மட்டும் ஒன்றும் ஆச்சரியமில்லை. "சிரிச்சது போதும், ஊத்து. பின்னால ஜனம் நிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கரண்டியைத் தடவவில்லை. ஊற்றினார், ஊற்றினார், மூன்றரை மணி வரைக்கும் ஊற்றினார். ஒரு மணிக்குக் கறி தீர்ந்தது, அப்புறம் சாம்பார், அப்புறம் மோர்க்குழம்பு, கடைசியில் வந்தவர்களுக்கு எலுமிச்சை ஊறுகாயும் ஜானகிராமன் சார் புளியோதரையும். டப்பைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற கிழவருக்கு மூன்று வீட்டுக் குழம்பும் விழுந்தது. ஒவ்வொருவர் பேரையும் கேட்டார், எந்தத் தெரு என்று கேட்டார், பதினான்கு வருஷமாகச் சபையில் யாரிடமும் பேசாததை எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் பேசித் தீர்த்தார். ஒருவரும் வெறும் ஏனத்தோடு போகவில்லை. சபையாருக்கு ஆளுக்கு இரண்டு வாய் ரசம் சோறு கிடைத்தது. அந்த மாதிரி ருசியாக எதையும் தின்றதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணாச்சிக்கும் எனக்கும் ஜெபமணி அக்காவுக்கும் அதுவும் இல்லை.

ஐந்து மணிக்கு அண்டாக்களைத் தேய்த்து, டிராக்டரில் ஏற்றி நாங்கள் மூன்று பேரும் திருப்பிக் கொடுக்கப் போனோம். செங்கல்வராயன் வீட்டு வாசலில் பூவாயியும் இன்னும் பத்துப் பேரும் இருந்தார்கள்.

"துன்னீங்களா?" என்றார் செங்கல்வராயன்.

"இல்ல, அது பரவால்ல" என்றார் அண்ணாச்சி. வெளியில் எங்கேயும் கை நனைக்காத மனுஷர், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார்.

"இன்னா பரவால்ல? குந்து."

உட்காரவைத்து மூன்று பேருக்கும் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு, பச்சை வெங்காயம் வைத்தார்கள். அண்ணாச்சி சொம்பைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே இருந்தார்.

"உங்க சாமிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான துன்னுவீங்க? சொல்லு, நாங்களும் கேக்கறோம்" என்றார் செங்கல்வராயன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

நான் சொம்பைக் கீழே வைத்தேன். அண்ணாச்சியின் சாப்பாட்டு ஜெபம் எங்கள் சபையில் பிரசித்தம். நாட்டுத் தலைவர்களில் ஆரம்பித்து, நோயாளிகளைப் பேர் பேராகச் சொல்லி, மழைக்கு வந்து, அவர் ஆமென் சொல்வதற்குள் சோறு ஆறிவிடும். கூழுக்கு ஆறுவது பிரச்சினை இல்லை, எனக்குப் பசி உயிர் போனது.

அண்ணாச்சி கண்ணை மூடினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கி மீசையில் நின்றது.

"ஆண்டவரே," என்றார். "நல்லாருக்கு. ஆமென்."

பூவாயி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சொம்பைத் தூக்கிக் குடித்தார்.